இடைக்கால முகாமையாளர் வந்தால்: புதிய இரசிகர்களுக்குச் சில அறிவுரைகள்

கம்பளையில் உதைபந்தாட்டப் பேச்சுக்கு இடம் தேடவேண்டியதில்லை. சலூனில் அது இருக்கிறது, தேத்தண்ணிக் கடையில் இருக்கிறது. இரவு ஆட்டத்தைப் பார்த்துவிட்டுச் சிவந்த கண்ணோடு காலையில் கண்டி பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளைகளிடமும் இருக்கிறது. ஒரே வீட்டில் அண்ணன் யுனைடெட், தம்பி லிவர்பூல், மச்சான் செல்சி. இந்தப் பேச்சு பெரும்பாலும் சிரிப்போடுதான் முடியும். ஆனால் பருவகாலத்தின் நடுவில் ஒரு கழகம் தன் முகாமையாளரை நீக்கிவிட்டு, "இப்போதைக்கு இவர்" என்று ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்துகிற வாரத்தில் நிலைமை மாறிவிடும். ஒரு பக்கம் "இவர்தான் மீட்பர்" என்பார்கள், மறுபக்கம் "இவருக்கு என்ன தெரியும்" என்பார்கள். நல்ல சிநேகிதர்கள் ஒரு மாதம் பேசாமல் இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

புதிதாக இந்த ஆட்டத்துக்குள் வருகிற தம்பி தங்கச்சிமாருக்காக இதை எழுதுகிறேன்.

1. அவரிடம் கேட்கப்பட்ட வேலை என்னவென்று முதலில் பாருங்கள்

இடைக்காலம் என்று ஒரே பெயர் இருந்தாலும் வேலை ஒன்றல்ல. மென்செஸ்டர் யுனைடெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 2014 ஏப்ரலில் டேவிட் மோயெஸ் நீக்கப்பட்டபோது ரயன் கிக்ஸிடம் கொடுத்தது கடைசி நான்கு ஆட்டங்கள். 2021 நவம்பரில் மைக்கல் கெரிக் மூன்று ஆட்டங்கள் நின்றார், ஒன்றிலும் தோற்கவில்லை. அடுத்து வந்த ரல்ப் ரங்னிக்குக்குப் பருவகாலம் முடியும் வரை தவணை. 2024 ஒக்டோபர் கடைசியில் ரூட் வன் நிஸ்டல்ரோய் நான்கு ஆட்டங்களுக்குப் பொறுப்பாக இருந்தார். மூன்று வெற்றி, ஒரு சமநிலை. ரூபன் அமோரிம் வந்துசேரும் வரை கதவைத் திறந்துவைத்திருப்பதுதான் அவருடைய வேலை.

மூன்று ஆட்டத்துக்கு நின்றவரையும் ஐந்து மாதம் நின்றவரையும் ஒரே தராசில் வைத்து "யார் கெட்டிக்காரர்" என்று கேட்பது வீண் பேச்சு. முன்னவரிடம் கழகம் எதிர்பார்ப்பது உடைமாற்றும் அறையில் அமைதி. பின்னவரிடம் எதிர்பார்ப்பது புள்ளிகள், அடுத்த ஆண்டு ஐரோப்பியப் போட்டிக்கான இடம், சில சமயம் கீழ்ப்பிரிவுக்கு இறங்காமல் தப்புவது. இதைத் தெரிந்துகொள்ளாமல் வாயைத் திறக்காதீர்கள்.

2. முதல் எட்டு வெற்றியில் மயங்காதீர்கள்

எல்லாருக்கும் நினைவிருக்கிற கதை ஓலே குன்னர் சோல்ஷயருடையது. 2018 டிசம்பர் 18ஆம் திகதி ஜோஸே மொரின்ஹோ நீக்கப்பட்டார். யுனைடெட் அப்போது ஆறாவது இடத்தில் இருந்தது. மறுநாள் சோல்ஷயர் இடைக்கால முகாமையாளரானார். 1999 சம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் வெற்றி கோலைப் போட்ட மனிதர் என்பதால் வந்த நாளிலேயே அவருக்குப் பாதி மன்னிப்புக் கிடைத்துவிட்டது. முதல் ஆட்டத்தில் கார்டிப்பை 5-1 என வென்றார்கள். எல்லாப் போட்டிகளையும் சேர்த்து முதல் எட்டு ஆட்டமும் வெற்றி.

அந்த எட்டையும் விரித்துப் பாருங்கள். தொடக்கத்தில் வந்தவை கார்டிப், ஹடர்ஸ்பீல்ட், போர்ன்மவுத், நியூகாஸில், பிறகு கிண்ணப் போட்டியில் ரெடிங். பெரிய சோதனை ஜனவரி 13இல் வெம்பிளியில் டொட்டன்ஹாமுக்கு எதிராகத்தான் வந்தது. அதை 1-0 என வென்றார்கள். அந்த ஆட்டத்தில் கோல் காப்பாளர் டேவிட் டி கெயா 11 பந்துகளைத் தடுத்தார். வெற்றி வெற்றிதான், மறுக்கவில்லை. ஆனால் பதினொரு தடுப்புகளோடு வந்த வெற்றி, முகாமையாளரின் திட்டத்தைப் பற்றி என்ன சொல்கிறது, காப்பாளரின் கையைப் பற்றி என்ன சொல்கிறது என்று பிரித்துக் கேட்கப் பழகுங்கள்.

இதற்குப் பின்னால் ஒரு கணக்கும் இருக்கிறது. கழகங்கள் முகாமையாளரை நீக்குவது அணி அடிமட்டத்துக்கு வந்த நேரத்தில். தொடர் தோல்வியில் திறமைக் குறைவும் இருக்கும், கெட்ட நேரமும் இருக்கும். கம்பத்தில் பட்ட பந்து, காயம்பட்ட பின்கள வீரர், நடுவரின் ஒரு முடிவு. அந்தக் கெட்ட நேரம் எப்படியும் ஒருநாள் விலகும். நெதர்லாந்தின் முதற்தரக் கழகங்களில் 1986 முதல் 2004 வரை நடந்தவற்றைப் பாஸ் டெர் வேல் என்ற பொருளியலாளர் ஆராய்ந்தார். முகாமையாளரை நீக்கிய அணிகளையும், அதேபோல் சரிந்தும் நீக்காமல் வைத்திருந்த அணிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டு வகை அணிகளும் ஏறக்குறைய ஒரேபோலத்தான் மீண்டெழுந்தன. ஆகவே புதியவர் வந்த மாதத்தில் வருகிற ஏற்றத்தில் ஒரு பங்கை மட்டும் அவர் கணக்கில் எழுதுங்கள்.

3. ஓர் இரவின் சந்தோஷத்தில் ஒப்பந்தம் எழுதச் சொல்லாதீர்கள்

2019 மார்ச் 6ஆம் திகதி பாரிஸ் அணியோடு பாரிஸில் நடந்த சம்பியன்ஸ் லீக் ஆட்டம் நமக்கு மறுநாள் அதிகாலை 1.30க்குத் தொடங்கியது. முதல் சுற்றைச் சொந்த மைதானத்தில் 0-2 எனத் தோற்ற யுனைடெட், அங்கே 3-1 என வென்றது. தொண்ணூறு நிமிடம் முடிந்து கூட்டிக்கொடுத்த நேரத்தில் மார்கஸ் ரஷ்போர்ட் தண்ட உதையை அடித்தபோது இந்த ஊரிலும் பல வீடுகளில் விளக்கெரிந்தது. அன்றிரவே தொலைக்காட்சியில் யுனைடெட்டின் முன்னாள் வீரர் ரியோ பெர்டினாண்ட், சோல்ஷயரின் முன் ஒப்பந்தத்தை வைத்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள் என்று சொன்னார். உலகம் முழுக்க இரசிகர்களும் அதையே சொன்னார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகப் பாருங்கள். மார்ச் 10இல் ஆர்சனலிடம் தோல்வி. 16இல் எப்.ஏ. கிண்ணக் காலிறுதியில் வுல்வ்ஸிடம் தோல்வி. இரண்டும் எச்சரிக்கை மணி. இருந்தும் மார்ச் 28இல் மூன்றாண்டு நிரந்தர ஒப்பந்தம் கொடுத்தார்கள். அந்த நாள் வரை அவருடைய கணக்கு 19 ஆட்டத்தில் 14 வெற்றி. அந்த நாளுக்குப் பிறகு பருவகாலம் முடியும் வரை 10 ஆட்டத்தில் 2 வெற்றி, 6 தோல்வி. எவர்ட்டனிடம் 0-4. கடைசி நாளில், ஏற்கனவே கீழ்ப்பிரிவுக்கு இறக்கப்பட்டுவிட்ட அதே கார்டிப் ஓல்ட் ட்ரபோர்டுக்கு வந்து 2-0 என வென்றுவிட்டுப் போனது. யுனைடெட் முடித்த இடம் ஆறு. மொரின்ஹோ போனபோதும் ஆறு.

சோல்ஷயருக்கு நியாயமாகச் சொல்லவேண்டியதையும் சொல்லவேண்டும். அடுத்த ஆண்டு மூன்றாம் இடம், அதற்கடுத்த ஆண்டு இரண்டாம் இடம், 2021 மேயில் யூரோப்பா லீக் இறுதியாட்டம். அதைத் தண்ட உதைகளில் வியாரியலிடம் 10-11 என இழந்தார்கள். 2021 நவம்பரில் வட்போர்டிடம் 1-4 எனத் தோற்ற மறுநாள் அவர் நீக்கப்பட்டார். அவர் மோசமான முகாமையாளர் என்பதல்ல என் பேச்சு. மே மாதம் வரை பொறுத்திருந்தால் கழகம் நிறையத் தெரிந்துகொண்டு முடிவெடுத்திருக்கும். இரண்டு மாதம் காத்திருப்பதால் அவர்களுக்கு ஒரு சதமும் நட்டமில்லை. அவசரப்படுத்தியது ஆரவாரம், அந்த ஆரவாரத்தில் நம்முடைய குரலும் இருந்தது.

4. தோற்றபின் என்ன செய்கிறார் என்று பாருங்கள்

எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். வெல்லும்போது எல்லா முகாமையாளரும் ஒரேபோல் இருப்பார்கள்.

2019 நவம்பரில் பிராங்பர்ட்டிடம் 1-5 எனத் தோற்றதும் நிக்கோ கோவச் பயர்ன் மியூனிக்கை விட்டுப் போனார். உதவியாளராக இருந்த ஹன்சி பிளிக் பொறுப்புக்கு வந்தார். ஆரம்பம் அருமை. பிறகு லீவர்கூசனிடமும் மொன்சென்கிளட்பக்கிடமும் அடுத்தடுத்து லீக் தோல்விகள். பயர்ன் ஏழாம் இடத்துக்கு இறங்கியது. கழகம் பதறவில்லை. அணி ஆடுகிற விதத்தைப் பார்த்தது. தோற்ற ஆட்டங்களிலும் எதிரணியின் பக்கத்திலேயே பந்தை நெருக்கிப் பிடித்தார்கள், வாய்ப்புகளை உருவாக்கினார்கள். டிசம்பரில் பருவகாலம் முடியும் வரை என்று நீட்டினார்கள். 2020 ஏப்ரலில்தான் நீண்ட ஒப்பந்தம். அந்த ஓகஸ்டில் சம்பியன்ஸ் லீக்கில் பார்சிலோனாவை 8-2 என வென்று, இறுதியில் பாரிஸை 1-0 எனத் தோற்கடித்து மூன்று கிண்ணங்களோடு முடித்தார்கள்.

படிப்படியாக, தோல்வியையும் பார்த்துவிட்டு எடுத்த முடிவு அது. நீங்களும் உங்கள் கழகத்தின் புதியவரை முதல் தோல்விக்குப் பிறகு கவனியுங்கள். அடுத்த ஆட்டத்துக்கு யாரை மாற்றுகிறார்? வீரரைப் பழி சொல்கிறாரா? அறுபதாவது நிமிடத்தில் பின்தங்கி நிற்கும்போது ஆளை மாற்றி இறக்க யோசனை இருக்கிறதா?

5. கிண்ணம் வென்றவருக்கும் இந்தப் பொறுமை பொருந்தும்

செல்சிக்காரர்கள் என்மேல் கோபிப்பார்கள். பரவாயில்லை.

2012 மார்ச் 4இல் அன்ட்ரே வியாஸ்-போவாஸ் நீக்கப்பட்டபோது உதவியாளர் ரொபர்ட்டோ டி மட்டேயோ பொறுப்பேற்றார். சம்பியன்ஸ் லீக்கில் நாப்போலியிடம் முதல் சுற்றை 1-3 எனத் தோற்றிருந்த அணி, இரண்டாம் சுற்றை 4-1 என வென்றது. அரையிறுதியில் ஜோன் டெரி வெளியேற்றப்பட்டபின் பத்துப் பேரோடு பார்சிலோனா மைதானத்தில் 2-2. மே 5இல் எப்.ஏ. கிண்ணம். மே 19இல் மியூனிக்கில் இறுதியாட்டம். நமக்கு நள்ளிரவு தாண்டிக் கால் மணி. 88ஆவது நிமிடத்தில் டிடியே ட்ரொக்பா தலையால் முட்டிச் சமப்படுத்தினார். தண்ட உதைகளில் 4-3. பயர்னை அதன் சொந்த மைதானத்திலேயே வென்று செல்சி முதல் தடவையாகச் சம்பியன்ஸ் லீக்கை எடுத்தது.

இடைக்காலப் பணியில் இதைவிடப் பெரிய சாதனை என் காலத்தில் நான் பார்க்கவில்லை. அவரிடம் கேட்டது அணியை நிமிர்த்தி நிறுத்துவது. அனுபவசாலிகளை மீண்டும் நம்பினார், பின்களத்தை நெருக்கமாக நிறுத்தினார், எதிரியின் பந்துக்குப் பொறுமையாகக் காத்திருந்தார். தோற்றால் வெளியேறுகிற போட்டிகளுக்கு அது சரியான மருந்து. லீக்கிலோ அந்த ஆண்டு செல்சி ஆறாம் இடம். நிரந்தர முகாமையாளரிடம் கேட்கப்படுவது அந்த லீக் வேலைதான்: பத்து மாதம், வாராவாரம் ஆட்டம், புதிய வீரர்கள், புதிய பாணி. கவ்வாத்து வெட்டிய தேயிலை மலையைப் போல மாதக்கணக்கில் கொழுந்துக்குக் காத்திருக்க வேண்டிய வேலை. ஜூனில் இரண்டாண்டு ஒப்பந்தம் கொடுத்த கழகம், நவம்பர் 21இல், ட்யூரினில் யுவென்டஸிடம் 0-3 எனத் தோற்ற மறுநாள் காலையில் அவரை அனுப்பியது. அவசரமாக நிரந்தரம் என்று கொடுத்துவிட்டு ஐந்து மாதத்தில் பறித்தது செல்சி நிர்வாகத்தின் பெரிய அநியாயம் என்று இன்றும் சொல்வேன்.

6. அவருடைய பழைய சட்டையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்

அதே 2012 நவம்பர் 21இல் செல்சி கொண்டுவந்தது லிவர்பூலின் பழைய முகாமையாளர் ரபயல் பெனிட்டஸை. முதல் ஆட்டத்திலேயே சொந்த மைதானத்தில் இரசிகர்கள் கூச்சலிட்டு அவமதித்தார்கள். டி மட்டேயோவின் பழைய இலக்கமான 16ஐ நினைவூட்ட ஒவ்வோர் ஆட்டத்திலும் 16ஆவது நிமிடத்தில் கைதட்டினார்கள். பெப்ரவரியில் அவரே பொறுக்கமுடியாமல், தமக்கு "இடைக்கால" என்ற பட்டம் கொடுத்தது தவறு என்று வெளிப்படையாகச் சொன்னார். அந்த மனிதர் லீக்கில் மூன்றாம் இடத்தைப் பிடித்து, 2013 மே 15இல் அம்ஸ்டர்டாமில் யூரோப்பா லீக்கை வென்று கொடுத்துவிட்டு, சொன்ன தவணையில் போனார். சொன்ன வேலையை முழுமையாக முடித்த இடைக்கால முகாமையாளர் அவர். கைதட்டு அவருக்கும் சேரவேண்டியது.

இதன் மறுபுறம், பழைய நாயகர் என்பதற்காக வேலையைக் கொடுக்கச் சொல்வது. கெனி டல்கிலிஷ் 2011 ஜனவரியில் லிவர்பூலுக்குத் திரும்பினார்; மேயில் நிரந்தரமானார்; லீக் கிண்ணத்தை வென்றார்; 2012இல் எட்டாம் இடத்தில் முடித்ததும் அனுப்பப்பட்டார். பிரெடி யுங்பெரி 2019இல் ஆர்சனலில் ஆறு ஆட்டம் நின்று ஒன்றில்தான் வென்றார். பாசம் வேறு, வேலை வேறு.

7. உள்ளூர்க்காரர் எப்போதும் இடைக்காலம்தானா என்று கேளுங்கள்

இங்கிலாந்தையே பார்த்துக்கொண்டிருக்காமல் பக்கத்து நாட்டையும் பாருங்கள். இந்தியன் சூப்பர் லீக்கில் பல ஆண்டுகளாக ஒரு வழக்கம். வெளிநாட்டுப் பயிற்றுநர் பருவகாலத்தைத் தொடங்குவார். சரிந்தால் அவர் போவார், உதவியாளரான இந்தியர் மிச்சத்தைச் சுமப்பார். கோடையில் அடுத்த வெளிநாட்டவர் வருவார்.

2022 பெப்ரவரியில் கோவா அணியிடம் 0-5 எனத் தோற்றபின் சென்னையின் எப்.சி. பொசிடார் பாண்டோவிச்சை நீக்கியது. பொறுப்பு சையத் சபீர் பாஷாவிடம் வந்தது. சென்னையில் இந்தியன் பேங்க் அணிக்கு ஆடியவர், இந்திய அணிக்கும் ஆடியவர். அவருக்குக் கிடைத்தவை பருவகாலத்தின் கடைசிச் சில ஆட்டங்கள், அதுவும் பெருந்தொற்றுக் கட்டுப்பாட்டால் எல்லா ஆட்டமும் கோவாவில் நடந்த ஆண்டில், சொந்த இரசிகர் ஒருவர்கூட இல்லாமல். ஜூனில் ஜேர்மனியரான தோமஸ் பிரடாரிச் வந்தார். 2024 டிசம்பரில் கேரளா பிளாஸ்டர்ஸ் மிக்கேல் ஸ்டாரேயை நீக்கியபோதும், தோமாஸ் சோர்ஸோடு சேர்ந்து அணியைத் தூக்கிப் பிடித்தவர் உள்ளூர்க்காரர் டி.ஜி. புருஷோத்தமன்.

இந்த வழக்கத்தை உடைத்தவர் காலித் ஜமீல். 2017இலேயே சின்னஞ்சிறு ஐஸோல் அணியை ஐ-லீக் சம்பியனாக்கியவர். அப்படிப்பட்டவரைத்தான் 2021 ஜனவரியில், ஜெரார்ட் நூஸ் போனபின், நோர்த்ஈஸ்ட் யுனைடெட் "இடைக்காலம்" என்று நிறுத்தியது. லீக்கில் மிச்சமிருந்த ஆட்டங்கள் ஒன்றிலும் அவர் தோற்கவில்லை. அணி அரையிறுதிக்குப் போனது. அந்த ஒக்டோபரில் நிரந்தரமாக்கினார்கள். சூப்பர் லீக்கில் நிரந்தரத் தலைமைப் பயிற்றுநரான முதல் இந்தியர் அவர். அடுத்த பருவகாலம் கசந்தது, அணி கடைசிக்கு முந்திய இடம். அதோடு அவர் ஒதுங்கிவிடவில்லை, வேறு கழகத்தில் மீண்டும் எழுந்தார். 2025 ஓகஸ்டில் இந்திய தேசிய அணியின் தலைமைப் பயிற்றுநரானார்.

உள்ளூர்ப் பயிற்றுநருக்கு ஒரு தோல்விப் பருவகாலத்தைத் தாண்டிவர இடம் கொடுக்கவேண்டும். ஒரு வெளிநாட்டவர் சரிந்தாலும் அடுத்த வெளிநாட்டவருக்கு அந்த இடம் கேட்காமலே கிடைக்கிறது.

8. வதந்தியில் காசு வைக்காதீர்கள்

அடுத்த முகாமையாளர் யார் என்று பந்தயம் பிடிக்கிற செயலிகள் இப்போது எல்லார் கைபேசியிலும் வருகின்றன. தொடவேண்டாம். கழகம் அறிவிக்கும் வரை எந்தப் பெயரும் செய்தியல்ல.

9. வாயைக் காத்துக்கொள்ளுங்கள்

கம்பளை தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே தெருவில் கடை வைத்திருக்கிற ஊர். ஒரு வீரரின் நிறத்தையோ மதத்தையோ, ஒரு பயிற்றுநரின் நாட்டையோ இழுத்துப் பேசுகிற பேச்சை இங்கே கொண்டுவராதீர்கள். 2021 யூரோ இறுதியில் தண்ட உதையைத் தவறவிட்ட ரஷ்போர்ட், சாஞ்சோ, சாக்கா மூவர்மீதும் கொட்டப்பட்ட நிறவெறி வசையை உலகமே பார்த்தது. "அவருடைய இடது பக்கம் திறந்து கிடக்கிறது" என்று சொல்லுங்கள், மணிக்கணக்கில் சொல்லுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். மற்றதற்கு நான் எழுந்து போய்விடுவேன்.



10. நம் மைதானத்திலும் இடைக்காலக்காரர்கள் இருக்கிறார்கள்

கடைசியாக, எனக்கு மிக நெருக்கமான விசயம். மலையகப் பாடசாலைகளில் உடற்கல்வி ஆசிரியருக்கு ஆண்டு நடுவில் இடமாற்றம் வரும். கோட்டமட்டப் போட்டிக்குச் சில வாரம்தான் இருக்கும். புதியவர் வரும் வரை கணக்கு ஆசிரியரோ பழைய மாணவர் ஒருவரோ விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்பார். சம்பளம் கிடையாது. பந்துக்குக் காற்றடிப்பது, பிள்ளைகளுக்குப் பஸ் காசு பார்ப்பது, தோட்டத்திலிருந்து வருகிற பிள்ளை இருட்டுமுன் வீடு போய்ச் சேர்ந்ததா என்று கேட்பது, எல்லாம் அவர் பொறுப்பு. அணி தோற்றால் பெற்றோரும் பழைய மாணவரும் அவரைத்தான் பேசுவார்கள். அவரிடம் கேட்கப்பட்ட வேலை என்ன, கையில் என்ன இருந்தது, எத்தனை நாள் கிடைத்தது என்று யாரும் பார்ப்பதில்லை. மேலே சொன்ன ஒவ்வொரு நியாயமும் சோல்ஷயரைவிட இவருக்குத்தான் முதலில் சேரவேண்டும்.

இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனம் 2023 ஜனவரியிலிருந்து ஓகஸ்ட் வரை பிபாவால் தடைசெய்யப்பட்டிருந்தது. மேலிடம் அப்படித் தள்ளாடிக்கொண்டிருந்த மாதங்களிலும் கீழே பிள்ளைகளோடு நின்றவர்கள் இவர்கள்தான்.

ஆகவே ஒரு வேண்டுகோள். இந்த வாரம் நீங்கள் படித்த பாடசாலைக்கு ஒருமுறை போங்கள். அணிக்கு இப்போது யார் பொறுப்பு என்று கேளுங்கள். ஆள் இருந்தால் அவருக்கு என்ன தேவை என்று விசாரியுங்கள். ஆள் இல்லையென்றால் அதிபரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, புதியவர் வரும் வரை நீங்கள் போய் நில்லுங்கள்.